ஓட்டு, எல்லை, சூடேறும் கடல்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எங்கே நாலு பேர் உட்கார்ந்து பேசினாலும், இடதுசாரிகளைப் பார்த்து மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஓட்டுப் போட்டு என்ன ஆயிற்று? உங்களுக்கு நாட்டுப்பற்று உண்டா? கடல் சூடாகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். எந்தக் கட்சியின் சார்பிலும் இதை எழுதவில்லை. ஆனால் இடதுசாரி இயக்கத்தின் பக்கம் நிற்பவன் என்பதை மறைக்கவும் இல்லை. அந்த இயக்கம் தவறிய இடங்களையும் சொல்லியிருக்கிறேன்.

இடதுசாரி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சியின்போது கூடிய சபையில், மன்னரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. நம் கரையில் வைத்துச் சொல்கிறேன். ஒரு விசைப்படகு கரை திரும்பினால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. இறாலுக்கு என்ன விலை என்பதை ஏற்றுமதி செய்கிற கம்பெனி சொல்லும். கடலில் உயிரைப் பணயம் வைத்தவன் இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் முடிவெடுப்பதில்லை. அவன் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இடதுசாரிகள். தேர்தல், தேசம், பருவநிலை எல்லாவற்றிலும் நாங்கள் கேட்கிற கேள்வி இதுதான்: முடிவை எடுப்பது யார்?

ஓட்டுப் போட்டு எங்களுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்விக்கு இடதுசாரிகளுக்குள்ளேயே ஒரே பதில் கிடையாது. 1967-இல் நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சிக்குப் பிறகு ஒரு பிரிவினர் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் களத்தில் நின்றார்கள். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி கம்யூனிஸ்ட் கட்சிதான். 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் ஆட்சியே அமைத்தார்கள். நிலச் சீர்திருத்தத்திலும் கல்வியிலும் அந்த அரசு கை வைத்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 1959-இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. ஓட்டு எதுவரைக்கும் போகும், எந்த இடத்தில் தடுத்து நிறுத்தப்படும் என்பதை அந்த இரண்டு வருடங்கள் காட்டிவிட்டன.

ஆனாலும் ஓட்டு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2004 தேர்தலில் இடதுசாரிகள் ஏறக்குறைய 60 பேர் மக்களவைக்குப் போனார்கள். அரசு நிற்க அவர்களின் ஆதரவு தேவைப்பட்டது. 2005-இல் நூறு நாள் வேலைச் சட்டமும் 2006-இல் வன உரிமைச் சட்டமும் வந்தது அந்தச் சூழ்நிலையில்தான். மழை பொய்த்த வருடங்களில் முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் எத்தனை வீடுகளில் அந்த நூறு நாள் கூலி அடுப்பை எரித்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காட்டில் வாழ்பவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்று 2006-இல் சட்டம் சொல்லிவிட்டது. கடலில் வாழ்பவர்களுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வலை போட்ட இடம், படகு ஏற்றிய மணல், கருவாடு காயப்போட்ட திடல் எதுவும் காகிதத்தில் நம்முடையது இல்லை. அரசு கொடுக்கிற டோக்கன் ஒருநாள் கடலுக்குப் போக அனுமதிக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டணியில் போய்ச் சேர்ந்துவிட்டு எப்படிக் கொள்கை பேசுகிறீர்கள்?

நியாயமான கேள்வி. 2019 தேர்தலில் திமுக தன் கூட்டணிக் கட்சிகளுக்குத் தேர்தல் செலவுக்காகக் கொடுத்த பணத்தில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாயும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி ரூபாயும் போனது. இரண்டுமே கணக்கில் காட்டப்பட்ட பணம். சட்டப்படி தவறு இல்லை. ஆனால் என் மனதுக்கு ஒப்பவில்லை. உண்டியல் குலுக்கி வளர்ந்த இயக்கம் இன்னொரு கட்சியின் பணத்தில் தேர்தல் நடத்தினால், அந்தக் கட்சி ஆளும்போது துறைமுகத்தையோ அனல்மின் நிலையத்தையோ எதிர்த்து எவ்வளவு உரக்கப் பேச முடியும்?

இதே இயக்கம் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்றே தெரியாத தேர்தல் பத்திரங்களை மார்க்சிஸ்ட் கட்சி வாங்க மறுத்தது. அதை எதிர்த்து வழக்கும் போட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது.

வாக்குப்பதிவு நாளில் மீனவர் எல்லோரும் கரையில்தானே இருக்கிறோம்?

விசைப்படகில் போகிறவர்கள் ஆமாம். 2019-இல் ஏப்ரல் 18, 2024-இல் ஏப்ரல் 19. இரண்டு மக்களவைத் தேர்தலுமே ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை போகிற 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வந்தன. வருமானம் நின்று, கடன் ஏறுகிற நாட்கள். வாக்குச்சாவடியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்த இரண்டு மாதத்துக்குக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கிற நிவாரணம் போதுமா என்ற கேள்வியைத்தான் எந்தக் கட்சி மேடையிலும் விரிவாகப் பேசவில்லை. வேட்பாளரின் சாதியைப் பேசினார்கள்.

சாதியும் ஓட்டும் சேரும்போது என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1957-இல் முதுகுளத்தூர் இடைத்தேர்தலைத் தொடர்ந்து மூண்ட பகையில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை குடிசைகள் எரிந்தன. ஒரே வயலில் கூலிக்குப் போகிறவர்கள் தானாக ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்று இடதுசாரிகள் நம்பியது தவறு. கடற்கரையிலும் அப்படித்தான். தெருவுக்குத் தெரு தனிக் கோயில், தனிச் சங்கம்.

உங்களுக்கு நாட்டுப்பற்று கிடையாதா?

இந்தியாவில் முதன்முதலாக மே தினக் கொடி ஏற்றியது 1923-இல், சென்னைக் கடற்கரையில். ஏற்றியவர் சிங்காரவேலர், மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றவரும் அவரே, இந்திய முதலாளியையும் கேள்வி கேட்டவரும் அவரே. நாட்டை அடிமைப்படுத்தியவனை எதிர்க்கும் தேசியம் ஒன்று உண்டு. அதன் பக்கம் இடதுசாரிகள் நின்றார்கள். பக்கத்து நாட்டு உழைப்பாளியை எதிரியாகக் காட்டுகிற தேசியமும் ஒன்று உண்டு. அதைத்தான் எதிர்க்கிறோம்.

1914 ஆகஸ்டில், உலகத்திலேயே பெரிய சோசலிஸ்ட் கட்சியாக இருந்த ஜெர்மன் கட்சி, போர்ச் செலவுக்குப் பணம் ஒதுக்க நாடாளுமன்றத்தில் கை தூக்கியது. அடுத்த வாக்கெடுப்பில், டிசம்பரில், எதிர்த்து ஓட்டுப் போட்டவர் கார்ல் லீப்னெக்ட் ஒருவர்தான். நாட்டின் பெயரைச் சொல்லித் தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்துகிறபோது, சிவப்புக் கொடி பிடித்தவர்களே எவ்வளவு சுலபமாக வழுக்கி விழுவார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

கச்சத்தீவை மீட்டால் பிரச்சினை தீருமா?

தீராது. இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

1974-இல் இந்திராவும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கை எல்லைக்குள் போனது. நம் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போய்வரும் உரிமை எழுத்தில் இருந்தது. 1976-இல் மன்னார் வளைகுடாவின் எல்லை வகுக்கப்பட்டபோது, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவானது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளம் இந்தியாவுக்கு என்று ஆனதும் அந்த வருடம்தான். டெல்லியும் கொழும்பும் பேசி முடித்துவிட்டு, கரையில் இருப்பவனுக்குத் தகவல் சொன்னார்கள். அந்த அநியாயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் தீவின் பரப்பு 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் இல்லை. நாளைக்கே அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தாலும் எல்லைக்கோடு சில மைல் நகரும், அவ்வளவுதான். நம் விசைப்படகுகள் போவது அதையும் தாண்டி, நெடுந்தீவுப் பக்கமும் யாழ்ப்பாணக் கரைப் பக்கமும். 2024-இல் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிரதமரே கச்சத்தீவைக் கையில் எடுத்தார். தேர்தல் முடிந்தது, பேச்சும் நின்றது. இலங்கைச் சிறையில் இருந்த நம் பிள்ளைகள் சிறையிலேயே இருந்தார்கள்.

அப்படியென்றால் யாழ்ப்பாணத்து மீனவர் சொல்வது நியாயம் என்கிறீர்களா?

பெரும்பாலும் ஆமாம். 1983-இல் தொடங்கிய போர் 2009-இல் முடிகிற வரைக்கும் அவர்களைக் கடலுக்கு விடாமல் இலங்கைக் கடற்படை கட்டிப்போட்டது. அந்த வருடங்களில் நம் பக்கத்து விசைப்படகுகள் அந்தக் கடலில் தொழில் செய்து பழகின. போர் முடிந்து, முகாமிலிருந்து திரும்பி, கடன் வாங்கி ஒரு சின்னப் படகும் நைலான் வலையும் வாங்கியவன் ராத்திரி வலை விரித்தால், விடியும்போது நம் இழுவைமடி, அதாவது கடலடியை வாரிக்கொண்டு போகிற வலை, அதை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவனும் தமிழன். அவன் வீட்டிலும் வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். 2017-இல் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் அந்த வடபகுதி மீனவர்கள்தான்.

நம் நாட்டுப்படகுக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பாக் நீரிணைப் பக்கம் முறை வைத்தது சும்மா இல்லை. இரண்டும் ஒரே நாளில் போனால் வலை மிஞ்சாது, சில நேரம் உயிரும் மிஞ்சாது. கரையை ஒட்டிய கடலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று 1983-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அது மீறப்படுவதை அன்றாடம் பார்க்கிறோம். ஆகவே சண்டை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் மட்டும் இல்லை. அடிமட்டம் வரை சுரண்டி எடுக்கிற முறைக்கும் கரையோரத் தொழிலுக்கும் நடுவில் நடக்கிறது. ஒரு பாதி நம் கரையிலேயே நடக்கிறது.

இழுவைமடியை இங்கே கொண்டுவந்தது மீனவன் இல்லை. 1950-களில் நார்வே உதவியோடு கேரளத்தில் தொடங்கிய திட்டம், பிறகு அரசு மானியம், வெளிநாட்டுக்கு இறால் அனுப்பி டாலர் சம்பாதிக்கும் ஆசை என்று வரிசையாக வந்தது. ஊக்கம் கொடுத்து வளர்த்துவிட்டு இன்று படகில் போகிற கூலி ஆளைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். இலங்கைச் சிறையில் இருப்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் டிரைவரும் கூலிக்குப் போன ஆட்களும்தான்.

2017-இல் அரசு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தது. பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று வருடத்தில் ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்றுவது, ஒரு படகு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. மிச்சம் 30 சதவீதம் யாரிடம் இருக்கிறது? மன்னார் வளைகுடா தாண்டி வாரக்கணக்கில் தங்கிப் பிடிக்கிற தொழில் எத்தனை பேருக்குத் தெரியும்? படகே இல்லாத கூலி ஆளுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

2010-இல் வடபகுதி மீனவர்கள் இங்கே வந்து நம் ஆட்களோடு நேருக்கு நேர் பேசினார்கள். அவர்கள் கடலில் இழுவைமடியைப் படிப்படியாக நிறுத்துவது வரைக்கும் பேச்சு போனது. இரண்டு அரசுகளும் அதை எடுத்துச் செயல்படுத்தவில்லை. அந்தப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது இலங்கையில் இடதுசாரி ஆட்சிதானே?

2024-இல் ஜே.வி.பி. என்ற இலங்கை இடதுசாரிக் கட்சியின் மரபிலிருந்து வந்த அனுர குமார திசாநாயக்க அதிபரானார். அவரது கூட்டணிக்கு யாழ்ப்பாணத்து மக்களும் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் அவரே கச்சத்தீவுக்குப் போய், விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார். கைதுகள் நிற்கவில்லை.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது, இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா எதிர்த்துப் பேசினார். இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்றார். எவ்வளவு சரியாகச் சொன்னார்! பதினாறு வருடம் கழித்து, 1972-இல், சிங்களத்தை ஆட்சிமொழியாக்கி பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்த அரசியலமைப்பை அமைச்சராக இருந்து உருவாக்கியவரும் அவரே. நடுவில் நடந்தது கூட்டணியும் பதவியும். தேர்தல் கணக்குக்காகப் பெரும்பான்மையின் தேசியத்தோடு சமரசம் செய்த இடதுசாரிக்கு அந்த நாடு கொடுத்த விலையை நாம் மண்டபம் அகதிகள் முகாமில் கண்ணால் பார்த்தோம்.

சரி, கடல் சூடாவது நம் பக்கம் எங்கே தெரிகிறது?

தண்ணீருக்கு அடியில் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை 30 டிகிரிக்கு மேலான வெந்நீரில் வாரக்கணக்கில் கிடந்தால் வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 என்று இது நடந்திருக்கிறது. வெளுத்த பாறை செத்தால் அதில் குஞ்சு பொரிக்கிற மீன் போகும், அலையைத் தடுக்கிற சுவரும் போகும். அந்த 21 தீவில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும், ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அதற்குப் பருவநிலை மட்டும் காரணம் இல்லை. அவற்றைச் சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தோம்.

மேலே பாருங்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கத்திலேயே நகராமல் நின்றது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஒவ்வொரு புயலையும் மழையையும் தனியாக எடுத்து இது பருவநிலை மாற்றத்தால்தான் என்று சொல்வது சரியில்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூமியில் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. வாடைக்காற்றும் கச்சான் காற்றும் எப்போது திரும்பும் என்று நாள் கணக்கில் சொன்ன பெரியவர்கள் இப்போது சொல்லத் தயங்குகிறார்கள்.

அதற்கும் முதலாளித்துவத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லோரும்தானே புகை விடுகிறோம்?

எல்லோரும் ஒரே அளவு விடவில்லை. ஒரு அமெரிக்கர் வருடத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, ஒரு இந்தியர் சுமார் 2 டன். தொழிற்புரட்சியிலிருந்து இன்று வரை சேர்ந்ததில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்காவுடையது. இந்தியாவுக்குள்ளேயும் தங்கச்சிமடத்தில் ஓலைக்கொட்டகையில் இருப்பவரும் தனி விமானம் வைத்திருப்பவரும் சேர்ந்துதான் அந்த 2 டன் சராசரி. இந்தியா ஏழை நாடு என்று வெளியே வாதாடிவிட்டு, அந்த ஏழையின் பங்கையும் உள்ளே பெரிய கம்பெனிக்கு எடுத்துக் கொடுப்பதை இடதுசாரிகள் ஏற்க முடியாது.

லண்டனுக்குப் போன தானியத்தோடு வயலின் சத்தும் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை என்று மார்க்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். நம் கரையில் அதை மடியில் பார்க்கலாம். ஏற்றுமதி ஆகிற இறாலுக்காக அடிமட்டத்தை வாரி எடுக்கிறோம். கூடவே வருகிற குஞ்சும் பொடியும் சங்காயமாக, அதாவது கழிவு மீனாக, கோழித்தீவன ஆலைக்குப் போகிறது. அடுத்த வருட மீனை இந்த வருடமே அரைத்துக் கோழிக்குப் போடுகிறோம்.

சோவியத் நாடு மட்டும் இயற்கையைக் காப்பாற்றியதா?

இல்லை. ஏரல் கடல் என்று மத்திய ஆசியாவில் ஒரு பெரிய உப்பு ஏரி இருந்தது. பருத்தி விளைவிக்க 1960-களிலிருந்து அதற்கு வரும் இரண்டு ஆறுகளையும் திருப்பினார்கள். முய்னாக் என்ற மீன்பிடித் துறைமுகம் இன்று கடலைவிட்டு வெகு தூரத்தில், மணலில் துருப்பிடித்த படகுகளோடு நிற்கிறது. தனுஷ்கோடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் நெஞ்சில் குத்தும். தனி முதலாளி இல்லாத நாட்டிலும் மேலே இருப்பவர்கள் முடிவெடுத்தார்கள், மீனவரிடம் கேட்கவில்லை.

நம் ஊரில் சேதுக் கால்வாய். 2005-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் ஆதரித்தன. 2023-இல் சட்டமன்றம் மீண்டும் தொடங்கச் சொல்லித் தீர்மானம் போட்டபோதும் ஆதரித்தன. ராமர் பாலம் என்று சொல்லி எதிர்த்தவர்களுக்குப் பதில் சொல்கிற வேகத்தில், தூர்வாரினால் எங்கள் மீன் எங்கே போகும் என்று கேட்ட நாட்டுப்படகுக்காரர் குரல் காதில் விழவில்லை. அது பிழை. திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

சூரிய மின்சாரம் நல்லதுதானே? அதையும் எதிர்ப்பீர்களா?

நல்லது. வேண்டும். உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் என்றபோது மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். 2021-இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. நிலக்கரி வேண்டாம் என்றால் வேறு வழி வேண்டும்தானே?

கேள்வி யாருடைய சூரியன் என்பதில்தான். கமுதியில் 2016-இல் அதானி நிறுவனம் 648 மெகாவாட் நிலையம் அமைத்தது, சுமார் 2,500 ஏக்கரில். யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு மாநில மின்வாரியம் வாங்க ஒப்பந்தம். அதே மின்சாரத்தை மாவட்டத்தின் பள்ளிக்கூடக் கூரைகளிலும் ஐஸ் ஆலைகளிலும் மீன் ஏலக் கூடங்களிலும் கூட்டுறவாக எடுத்திருந்தால் பணம் இங்கேயே சுற்றும். மன்னார் வளைகுடாவில் அமைக்கத் திட்டமிட்ட கடல் காற்றாலைகளுக்கும் இதே கேள்வி உண்டு. தூண் நடும் இடம் யார் வலை போடும் இடம்?

தீவுகளைக் காக்க வேண்டும் என்றால் பாசி எடுக்கும் பெண்களைத் தடுக்கத்தானே வேண்டும்?

1986-இல் தேசியப் பூங்கா அறிவித்த பிறகு வனத்துறை அப்படித்தான் நினைத்தது. பாட்டி காலத்திலிருந்து மூச்சடக்கி முங்கிப் பாசி எடுத்தவர்கள் திடீரென்று அத்துமீறியவர்கள் ஆனார்கள். அந்தப் பெண்கள் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில்தான் போகிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் தாங்களே நிறுத்துகிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறை உடையாமல் பறிக்கிறார்கள். பவளத்தின் மேல் படர்ந்து மூச்சடைத்தது அவர்கள் எடுத்த பாசி இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்கக் கொடுத்த கப்பாபைகஸ் என்ற வேறு பாசி. குருசடைத் தீவில் அது பரவியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் அந்தப் பெண்களைக் கேட்க வேண்டும்.

நான் ஒரு ஆள் என்ன செய்ய முடியும்?

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுகிறீர்கள். வருடத்தில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள், அங்கே போய் உட்காருங்கள். கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் ஊரின் படகுத்துறை, வலை காய்கிற இடம், மீன் இனப்பெருக்கம் செய்யும் இடம், புயலுக்கு ஒதுங்கும் கட்டடம் அதில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் காலி இடம் என்று இருந்தால் நாளை ஒரு கம்பெனிக்கு அது காலி இடம்தான். விடுபட்டதை எழுதித் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் போடாதீர்கள். நகலை வாங்கி வீட்டில் வையுங்கள்.